கொலை அப்பீலுக்கு டைப் செட் போட சென்னை பாரிஸ் கார்னர்ல ஒரு நல்ல கடை

ஐகோர்ட்டுக்கு எதிர்ல தம்பு செட்டி தெரு பக்கம் பழைய பில்டிங் ஒண்ணுல முதல் மாடியில இருக்குற டைப்பிங் சென்டர் பத்தின ரிவ்யூ இது. டைப் செட்னா கேஸ் பேப்பரையெல்லாம் வரிசையா போட்டு பைண்ட் பண்ணி ஜட்ஜுங்களுக்கு குடுக்கற கட்டு. போர்டெல்லாம் கிடையாது, கீழ ஜூஸ் கடையில டைப்பிங் அக்கான்னு கேட்டா படிய காட்டுவாங்க. ரிட், சிவில்னா எங்க போட்டாலும் ஒண்ணுதான், ஆனா ஐடென்டிஃபிகேஷனையே, அதாவது சாட்சி ஆள அடையாளம் காட்டினதையே நம்பி நிக்கிற கொலை கேஸ்ல அக்யூஸ்டுக்காக போடற அப்பீல் உங்க கையில இருந்தா வேற எங்கயும் குடுக்காதீங்க.

ஏன்னா அப்பீல்ல பெஞ்ச்ல உக்காந்திருக்குற ரெண்டு ஜட்ஜும் சாட்சி மூஞ்சிய பாக்கவே போறதில்ல. கூண்டுல ஏறி இவர்தான் வெட்டினார்னு கை காட்டினதெல்லாம் செஷன்ஸ் கோர்ட்டோட முடிஞ்சுது, மேல வர்றது பேப்பர் மட்டும்தான். ராத்திரி நேரம், முன்னபின்ன பழக்கமில்லாத ஆளுங்க, சில நிமிஷத்துல முடிஞ்ச சம்பவம், இந்த மாதிரி கேஸ்ல பி.டபிள்யூ.1 (அரசு தரப்போட முதல் சாட்சி) சீஃப்ல (அரசு வக்கீல் கேக்கறப்ப) எல்லாமே கரெக்டாதான் சொல்லியிருப்பார், பொய்யும் சொல்லியிருக்க மாட்டார், தப்பா பாத்திருப்பார் அவ்ளோதான். அதை நாம எங்க போய் புடிக்கறதுன்னா ரஃப் ஸ்கெட்ச்லயும் (சம்பவ இடத்தோட வரைபடம்) மேஜிஸ்ட்ரேட்டோட பரேட் ரிப்போர்ட்லயும்தான் (சந்தேகப்பட்டவர பல பேரோட நிறுத்தி சாட்சிய அடையாளம் காட்ட சொல்ற அணிவகுப்போட அறிக்கை).

ரஃப் ஸ்கெட்ச் எப்படி இருக்கும்னு தெரியுமில்ல, ஐ.ஓ. (விசாரணை பண்ற போலீஸ் அதிகாரி) கையால வரைஞ்சது, லைட் போஸ்ட்டுக்கு ஒரு சின்ன வட்டம் போட்டு நம்பர் குடுத்திருப்பார். முன்னாடி நான் போயிட்டிருந்த கடையில (பேரு வேணாம்) அதை ஏ4-க்கு சுருக்கி போட்டு ஒரு தடவ குடுத்துட்டாங்க, வட்டம் எல்லாம் கருப்பு புள்ளியா ஆகி எது லைட்டு எது வேப்பமரம்னே தெரியல. பெஞ்ச்ல கேட்ட முதல் கேள்வியே லைட் எங்க இருக்கு, சாட்சி நின்ன இடத்துக்கு எவ்ளோ தூரம்னுதான். கட்ட பிரிச்சு சர்டிஃபைட் காப்பிய தேடி எடுக்கறதுக்குள்ள ஃப்ளோவே போச்சு.

அக்கா அதை முழுசா ஏ3-ல எடுத்து உள்ள மடிச்சு வைக்கிறாங்க. அதோட விடல, "சார் இந்த 4-ம் நம்பர் வட்டம் லைட்டுன்னு மகஜர்ல (சம்பவ இடத்த பாத்து எழுதின குறிப்பு) எழுதியிருக்கு, மகஜர இதுக்கு எதிர் பக்கத்துலயே வச்சிடவா, பாக்கறவங்களுக்கு திருப்ப வேணாம்"னு அவங்களா கேட்டாங்க. எத்தனையோ ஜூனியருக்கு இது தோணாது, உண்மையா சொல்றேன்.

பரேட் ரிப்போர்ட்லயும் அதே கவனம். அடையாள அணிவகுப்புல யார் யார் கூட நிறுத்தினாங்க, அவங்க வயசு உயரம் ஒத்துப்போகுதா, ஒவ்வொரு சாட்சி வர்றதுக்கு முன்னாடியும் இடம் மாத்தி நிக்க விட்டாங்களா, அரெஸ்ட்டுக்கும் பரேடுக்கும் நடுவுல எத்தனை நாள், எல்லாம் அதுலதான் இருக்கும். முக்கியமா கடைசி வரி. ஸ்டேஷன்லயே என்னை சாட்சிக்கு காட்டிட்டாங்கன்னு அக்யூஸ்டு சொன்ன ஆட்சேபணைய மேஜிஸ்ட்ரேட் பக்கத்தோட அடியில நுணுக்கி எழுதியிருப்பார், ஜெராக்ஸ்ல வெட்டுப்படறதும் கரெக்டா அந்த வரிதான். இங்க ஓரம் விட்டு எடுக்கறதால பைண்டிங்லயும் எதுவும் போகல.

ஜட்ஜ்மென்ட் கம்பைலேஷனும் (நாம காட்டப்போற பழைய தீர்ப்புகளோட தொகுப்பு) இங்கயே போட்டேன். தெரியாத ஆள முதல் முறையா கோர்ட்லதான் அடையாளம் காட்டறார்னா, முன்னாடி பரேட் இல்லாத பட்சத்துல அதுக்கு மதிப்பே இல்லன்னு சொன்ன கண்ணன் எதிர் கேரளா, 1979 சுப்ரீம் கோர்ட், அது நமக்கு. ஆனா அது ஒண்ண மட்டும் நம்பி போனீங்கன்னா பி.பி. (அரசு வக்கீல்) 2003 மல்கான்சிங் தீர்ப்ப எடுத்து நீட்டுவார், பரேட்ங்கறது விசாரணைக்கு உதவி மட்டும்தான், கோர்ட்ல காட்டறதுதான் மெயின் சாட்சியம், பரேட் நடத்தலங்கறதுக்காக அது அடிபட்டுப் போகாது, எவ்ளோ நம்பறதுங்கறது அந்தந்த கேஸ பொறுத்ததுன்னு. டெல்லி ஜெசிகா லால் கொலை கேஸ்ல அக்யூஸ்டு பரேடுக்கு வரவே மறுத்துட்டார், அப்பவும் கோர்ட்ல காட்டின அடையாளத்த 2010-ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு. ஒரே சாட்சி போதுமான்னு கேட்டா அதுக்கு நம்ம மெட்ராஸ் கேஸே இருக்கு, 1957 வடிவேலு தேவர், ஒத்த சாட்சிய நம்பி தூக்கு தண்டனையையே உறுதி பண்ணாங்க. அதனால எண்ணிக்கைய பேசி பிரயோஜனம் இல்ல, எவ்ளோ நேரம் பாத்தார், எவ்ளோ தூரம், வெளிச்சம் எப்படி, நடுவுல எதாவது மறைச்சுதா, முதல்ல சொன்ன அடையாளத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசம் இருக்கான்னு இங்கிலாந்துல 1976-ல டர்ன்புல் கேஸ்ல வரிசையா கேட்டாங்களே, அந்த வழிதான் எனக்கு சரின்னு படுது. அடிச்சு சொல்ற சாட்சியும் தப்பா இருக்கலாம்னு அதுலயே எச்சரிக்கை இருக்கு. நம்ம ஊர்ல அந்த கேள்வி ஒவ்வொண்ணுக்கும் பதில் ஸ்கெட்ச்லயும் க்ராஸ்லயும் (எதிர் வக்கீலோட குறுக்கு விசாரணை) இருக்குங்கறதாலதான் டைப் செட்டுக்கு இவ்ளோ அழுவுறேன்.

குறை இல்லாம இல்ல. ரேட் பக்கத்து கடைகளை விட கொஞ்சம் கூட, வெள்ளிக்கிழமை சாயந்தரம் போனா திங்கக்கிழமைக்கு கண்டிப்பா கிடைக்காது, ஃபோன் எடுக்கவே மாட்டாங்க. ஈ-ஃபைலிங் பிடிஎஃப் சைஸ் ரொம்ப பெருசா வருது, சுருக்க சொன்னா ஸ்கெட்ச் மங்கிடும்னு சண்டைக்கு வர்றாங்க, அதுல அவங்க பக்கம்தான் நியாயம், நான் ரெண்டு வால்யூமா பிரிச்சு ஏத்திட்டேன். இண்டெக்ஸ்ல அடையாளம் காட்டறதுக்கான பிரிவ எவிடன்ஸ் ஆக்ட் 9-ன்னு பழைய நம்பரே போடறாங்க, புது கேஸ்னா பாரதிய சாட்சிய சட்டம் 7-ன்னு நாமதான் சொல்லணும்.

அஞ்சுக்கு நாலரை. ஒரிஜினல குடுக்காதீங்க, சர்டிஃபைட் காப்பி கொண்டு போங்க, ஸ்கெட்ச் இருக்குற பக்கத்துல கொடி ஒட்டி குடுங்க, மதியம் ரெண்டு மணிக்கு மேல போனா கூட்டம் கம்மி.