அலெப்ரிஹே செய்யக் காகிதமா, களிமண்ணா, மரமா?

மெக்சிகோவின் அலெப்ரிஹே உருவங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சிறகு முளைத்த பல்லி, கொம்பு வைத்த மீன், உடம்பு முழுக்கப் புள்ளியும் கோடுமாகக் கண்ணைப் பறிக்கிற வண்ணம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கிற ஓவிய ஆசிரியர் முதலில் முட்டிக்கொள்வது, எதில் செய்யவைப்பது என்ற கேள்வியில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நடத்துகிறவள் என்ற முறையில் என் ஓட்டு காகிதத்துக்கு. களிமண்ணும் செய்துபார்த்தாயிற்று. மரத்தில் என் அனுபவம் குறைவு, அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்த மரபைப் பின்பற்றப்போகிறோம் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது. அலெப்ரிஹே பிறந்தது காகிதத்தில். மெக்சிகோ நகரத்தில் பெத்ரோ லினாரெஸ் (1906–1992) என்ற கைவினைஞர், ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை கொளுத்துகிற யூதாஸ் பொம்மைகளும், உள்ளே மிட்டாய் வைத்துக் கழியால் அடித்து உடைக்கிற பிஞ்ஞாத்தா பொம்மைகளும் செய்து பிழைத்தவர். 1936-ல் நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கனவில் ஒரு காடு, அதில் ஒன்றோடொன்று கலந்துபோன விலங்குகள், எல்லாம் சேர்ந்து 'அலெப்ரிஹே' என்று கத்தின என்பது அவரே சொன்ன கதை. எழுந்ததும் கண்டதைக் காகிதத்தில் செய்யத் தொடங்கினார். 1990-ல் மெக்சிகோவின் தேசிய விருது கிடைத்தது. மகன்களும் பேரன்களும் அதே தொழிலைத் தொடர்ந்தார்கள்.

மரச்சிற்பம் வேறு ஊர், வேறு வழி. தெற்கே வஹாக்கா மாநிலத்தில் அர்ராசோலா என்ற கிராமத்து மனுவேல் ஹிமேனெஸ் கோப்பல் மரத்தில் விலங்குகளைச் செதுக்கிப் பேர் வாங்கினார். பக்கத்துக் கிராமங்களும் அந்தத் தொழிலுக்கு வந்தன. அந்த மர உருவங்களுக்கும் அலெப்ரிஹே என்ற பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான். அங்குள்ள சபொதெக் மக்களிடம் 'தோனா' என்ற நம்பிக்கை உண்டு: பிறந்த நாளைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு துணை விலங்கு. அது தானாக வருவது, நமக்குப் பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ள முடியாது. லினாரெஸின் உருவங்கள் இந்த நம்பிக்கையிலிருந்து வந்தவை அல்ல. இணையத்தில் கிடைக்கிற பாடத்திட்டங்களில் பல இரண்டையும் கலந்து 'உன் ஆவி விலங்கைச் செய்' என்று முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்னொருவர் வழிபாட்டை எடுத்து வகுப்புப் பயிற்சியாக்குவானேன்?

ஆகவே நான் லினாரெஸ் பக்கம். பிள்ளைகள் தங்களிடம் இருக்கிற, அல்லது வேண்டும் என்று ஆசைப்படுகிற மூன்று குணங்களை எழுதுவார்கள். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு விலங்கு, அந்த விலங்கில் ஓர் உறுப்பு மட்டும். பொறுமைக்கு ஆமை ஓடு, கூர்மைக்குக் கழுகின் அலகு என்று போகும். நம் கோயில் தூண்களில் இருக்கிற யாளியை நான் தொடக்கத்தில் காட்டுவதே இல்லை. காட்டினால் முக்கால் வகுப்பு தும்பிக்கை வைத்த சிங்கத்தோடு வந்து நிற்கும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கலப்பு விலங்கு என்றாலே ஒட்டு வேலை. சிறகு, கொம்பு, வால், முள் எல்லாம் உடம்பிலிருந்து துருத்திக்கொண்டு நிற்பவை. அவை எப்படி ஒட்டும், ஒட்டிய பிறகு நிற்குமா, உடைந்தால் சரிசெய்ய முடியுமா? விலை, எடை, சுத்தம் எல்லாவற்றையும்விட எனக்கு முடிவைச் சொன்னது இதுதான்.

களிமண்ணில் இரண்டு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டுவோம். ஒட்டும்போது கச்சிதமாகத்தான் இருக்கும். மெல்லிய சிறகு சீக்கிரம் காயும், காய்ந்தால் சுருங்கும். தடித்த உடம்பு இன்னும் ஈரமாகவே இருக்கும். அந்த இழுபறியில் விரிசல் விழுவது சரியாக ஒட்டின இடத்தில். சூளை இல்லாத பள்ளிகளில் தானாகக் காயும் களிமண் பாக்கெட் வாங்குகிறோம். அதிலும் இதே கதைதான். காய்ந்த பிறகு உடைந்தால் பசை போட்டு ஒட்டலாம், ஆனால் பள்ளி வேனில் ஒரு குலுக்கலுக்குத் தாங்காது.

காகிதத்தில் எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் ஒட்டலாம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆமையை முக்கால்வாசி முடித்துவிட்டு, "மிஸ், இதுக்குப் பறக்கத் தெரியணும்" என்று வந்து நின்றாள். களிமண்ணாக இருந்திருந்தால் அடுத்த முறை பார்க்கலாம் என்றிருப்பேன். அட்டைப்பெட்டியில் சிறகு வெட்டி, அடிப்பகுதியில் விரலகலத்துக்குப் பிளந்து பிளந்து விட்டோம். ஒரு துண்டை முன்னால் மடக்கு, அடுத்ததைப் பின்னால் மடக்கு. ஓட்டின்மேல் உட்காரவைத்து மாஸ்கிங் டேப், அதன்மேல் பசை நனைத்த காகிதக் கீற்றுகள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்கும். காய்ந்ததும் சிறகைப் பிடித்து ஆமையையே தூக்கினாள். மெக்சிகோ நகரத்தில் மக்கள் கலை அருங்காட்சியகம் 2007 முதல் நடத்துகிற அலெப்ரிஹே ஊர்வலத்தில் ஆளைவிடப் பெரிய உருவங்கள் தெருவில் வருவதும் சட்டத்தின்மேல் காகிதம் ஒட்டிய இதே கார்ட்டோனெரியா முறையில்தான்.

செய்முறையில் பெரிய சூட்சுமம் இல்லை. செய்தித்தாளைக் கசக்கி நூலால் சுற்றி உடம்பு. மைதாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சினால் பசை. கீற்றுகளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்கச் சொல்லுங்கள், கிழிந்த ஓரம் தடம் தெரியாமல் படியும். ஓர் அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பழுப்புக் காகிதம் என்று மாற்றினால் எங்கே விட்டுப்போயிற்று என்று பிள்ளைகளுக்கே தெரியும். நாலு அடுக்கு போதும். மேலே வெள்ளை எமல்ஷன் ஒரு பூச்சு, அப்புறம் அக்ரிலிக். போஸ்டர் கலர் வேண்டாம், வார்னிஷ் தடவினால் வழியும். புள்ளி வைக்கக் காது குடையும் பஞ்சுக்குச்சி தூரிகையைவிட மேல்.

காகிதத்தின் பலவீனம் ஈரமும் பூச்சியும். எங்கள் பள்ளி கடற்கரை ஊரில். இரண்டு அடுக்குக்கு மேல் ஒரே நாளில் ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக்கு அடியில் ஒருநாள் முழுக்க விட்டுத்தான் அடுத்தது. மைதா வாசனைக்கு எறும்பும் கரப்பானும் வரும். சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் புத்தகம் பைண்டு செய்கிறவர்களும் பசையில் மயில்துத்தம் போடுவது இதற்குத்தான். அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. நான் பசையில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, நன்றாகக் காயவைத்து, அடிப்பாகம் உட்பட வார்னிஷ் அடித்துவிடுகிறேன். இரண்டு மழைக்காலம் தாண்டிய உருவங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கின்றன. அதற்கு மேல் எத்தனை வருடம் தாங்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

களிமண் ஜெயிக்கிற இடம் முகம். பல், இமை, நாக்கு என்று நுணுக்கம் அதில் வருகிற மாதிரி காகிதக் கீற்றில் வராது. மிச்சோவகான் மாநிலத்தின் ஒகூமிச்சோ கிராமத்தில் களிமண்ணில் செய்கிற சாத்தான் பொம்மைகளின் முகத்தைப் பாருங்கள், இளிப்பே தனி. நான் செய்கிற சமரசம், ஊறவைத்துப் பிழிந்த காகிதத்தோடு பசையும் சாக்பீஸ் தூளும் பிசைந்து அந்தக் கூழில் கண்ணும் பல்லும் வைப்பது. களிமண் அளவுக்குக் கூர்மை வராவிட்டாலும் விரிசல் விடுவதில்லை.

மரத்தை நான் வகுப்பில் முழுதாக நடத்தியதில்லை. மூத்த மாணவர்கள் சிலரோடு கல்யாண முருங்கைக் கட்டையில் முயன்றதோடு சரி. வஹாக்காவில் கோப்பலை ஈரம் காயுமுன்பே செதுக்குகிறார்கள், அப்போதுதான் கத்திக்கு இளகிக்கொடுக்கும். குந்திரிக்கம் தருகிற மரத்தின் குடும்பம்தான் அது. கிளை எப்படி வளைந்திருக்கிறதோ அதிலிருந்தே உடும்பா, நரியா என்று முடிவாகும். காது, சிறகெல்லாம் தனியே செதுக்கித் துளையில் செருகுவார்கள். அழகான முறைதான், ஆனால் முப்பது பிள்ளைகள் கையில் கத்தி என்றால் எனக்கு வயிறு கலங்கும். செதுக்குவது என்றால் என்ன என்று புரியவைக்க மட்டும் பார் சோப்பும் மழுங்கின கத்தியும் கொடுக்கலாம், மெல்லிய கால்கள் மட்டும் படக்கென்று ஒடியும்.

வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைக்கிற வகுப்புக்குக் காகிதம் பொருந்தும், நடுவில் காய ஆறேழு நாள் தானாகவே கிடைத்துவிடும். இரண்டே நாள் கோடை முகாம் என்றால் களிமண்ணை எடுங்கள். சிறகும் கொம்பும் உடம்போடு ஒட்டியபடி படுத்திருக்கிற உருவமாக வரையவைத்துவிட்டு ஆரம்பியுங்கள், விரிசல் பாதி குறையும்.