சுளுக்குக்கு நாலு நட்சத்திரம், கட்டிக்கு ஒன்றுமில்லை

குலசேகரம் பக்கத்தில் இருக்கும் ஒரு வர்ம வைத்தியசாலையைப் பற்றி எழுதுகிறேன். பேர் போடவில்லை. வைத்தியர் கெட்டவர் இல்லை, எனக்கு வேண்டியவரும்கூட.

நான் ரப்பர் பால்வெட்டுக்காரன். மூணு வருஷத்துக்கு முன்னால் மழையில் வழுக்கி விழுந்து வலது தோள் இறங்கிவிட்டது. தடவி, கட்டுப் போட்டு, 21 நாளில் மறுபடி கத்தி பிடிக்க வைத்தார். மொத்தம் 900 ரூபாய். அந்தத் தைலத்துக்கும் கைக்கும் நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது உட்கார பெஞ்சு போதாததற்கு.

அக்காவுக்கு மார்பில் கட்டி என்றதும் அங்கே கூட்டிப்போனவன் நான்தான். சுளுக்கு எடுத்த கை கட்டியையும் எடுக்கும் என்று நினைத்தேன். அதற்கு முந்தின நாள் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்தபடியே, "பயாப்ஸி எடுக்கணும், அனேகமா மார்பை எடுக்க வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பயாப்ஸி என்றால் கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது. பஸ்ஸில் அக்கா வாயே திறக்கவில்லை. வைத்தியரோ முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கேன்சர் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. "கட்டிதானே மக்களே, கரைச்சிரலாம். ஊசி மட்டும் குத்த விடாதே, பரவீரும்." அன்றைக்கு ராத்திரிதான் அக்கா சோறு தின்றாள்.

மாசம் 2,400 ரூபாய்க்கு மூணு குப்பி கஷாயம். குப்பியில் என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்து இல்லை. பத்தியம் கடுமை: மீன் கூடாது, மரச்சீனி கூடாது, புளி கூடாது. அஞ்சு மாசத்தில் பாக்கு அளவில் இருந்தது எலுமிச்சம்பழம் ஆனது, அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்டது. போய்ச் சொன்னால், "ஒளிக்காம சொல்லு மக்களே, மீன் தின்னியா?" என்றார். ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு சாளைத் துண்டு தின்றிருந்தாள். அதற்காக அக்கா ஒரு வாரம் அழுதாள். எனக்கு ஆறாத இடம் இதுதான். மருந்து தோற்றதற்குப் பழி சாளை மேலே, அக்கா மேலே.

நர்ஸிங் படிக்கிற அக்கா மகள்தான் கடைசியில் சண்டை போட்டாள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டினாள். மாற்று மருத்துவம் மட்டுமே எடுத்த மார்புப் புற்று நோயாளிகளுக்குச் சாவு ஆபத்து, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட அஞ்சு மடங்குக்கும் மேல். கட்டி வேறு இடத்துக்குப் பரவாத நிலையில் இருந்தவர்களின் கணக்கு அது. கேன்சரைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்றும் சொன்னாள். வைத்தியசாலை போர்டில் அப்படி ஏதும் இல்லை, எல்லாம் வாய்வழிதான்.

இப்போது திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்கிற கேன்சர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் கீமோ நடக்கிறது. விடியக்காலை கிளம்ப வேண்டும், எனக்கு அன்றைய வெட்டு போச்சு. ஏறுகிற மருந்தின் பேர் பாக்லிடாக்சல். அதை முதலில் யூ என்கிற மரத்தின் பட்டையிலிருந்துதான் எடுத்தார்கள் என்று அங்கே ஒரு நர்ஸ் சொன்னதும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உனக்க பட்டைதாண்டே." முடி கொட்டிவிட்டது. சாளை தின்கிறாள்.

தோள் பிடித்துக்கொண்டால் நான் இன்னும் அந்த வைத்தியரிடம்தான் போகிறேன். காலை ஒன்பதுக்குள் போனால் பெஞ்சு கிடைக்கும்.