இடுப்பில் தெரியும் துப்பாக்கி, சட்டைக்குள் இருக்கும் துப்பாக்கி: டெக்சாஸ் கடை வாசலிலிருந்து ஓர் அலசல்

டெக்சாஸில் குடியிருப்பவர்கள் சில கடை வாசல்களில் இந்த இரண்டு அறிவிப்புகளையும் பார்த்திருப்பார்கள். ஒன்று 30.06, மற்றது 30.07. இரண்டும் மாநிலத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள். லைசென்ஸ் இருந்தாலும் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்கிறது முதல் பலகை. வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வரக்கூடாது என்பது இரண்டாவது. இரண்டாவதை மட்டும் மாட்டியிருக்கும் கடைகள்தான் சுவாரசியம். வாட்டபர்கர் என்ற உணவக நிறுவனம் 2015-ல் கிட்டத்தட்ட இதையேதான் அறிவித்தது: லைசென்ஸ்காரர் மறைத்து வைத்திருந்தால் பரவாயில்லை, பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர் கண்ணில் படக்கூடாது.

துப்பாக்கி ஒன்றுதான், அதில் இருக்கும் குண்டும் ஒன்றுதான். ஓபன் கேரியா (தெரியும்படி மாட்டுவதா), கன்சீல்டு கேரியா (மறைத்து வைப்பதா) என்ற சண்டை முழுக்க ஒரு சட்டையின் ஓரத்தைப் பற்றியது.

தற்காப்பை மட்டும் வைத்துப் பார்ப்போம். இடுப்பில் வெளியே தொங்கினால் சட்டென்று உருவலாம், டெக்சாஸ் வெயிலில் மேலே இன்னொரு சட்டை போட வேண்டாம், பார்த்ததுமே திருடன் ஒதுங்கிவிடுவான் என்பது ஒரு கட்சி. ஒதுங்காத திருடன் முதலில் யாரைக் குறிவைப்பான் என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. பின்னால் நிற்பவன் பிடுங்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. போலீஸ்காரர்கள் பூட்டு வைத்த உறை மாட்டுவதும், பிடுங்க வருபவனைத் தடுக்கத் தனியாகப் பயிற்சி எடுப்பதும் அதனால்தான். வார இறுதியில் மாட்டிக்கொண்டு கடைக்கு வருகிறவர் எத்தனை பேர் அந்தப் பயிற்சி எடுத்திருப்பார்கள்? மறைத்து வைப்பதிலும் தொல்லை இருக்கிறது. உருவ நேரமாகும், சட்டை சிக்கும், குனிந்தால் துணிக்கு மேலேயே வடிவம் தெரியும். ஆனாலும் இந்தச் சுற்றில் மறைத்து வைப்பதே மேல் என்பேன். நம்மிடம் இருப்பது எதிரிக்குத் தெரியாமல் இருப்பதே பெரிய பலம்.

மானம், நேர்மை என்று வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஆயுதத்தை ஒளித்து வைப்பவன்தான் கயவன். வெளிப்படையாக மாட்டுபவன் கண்ணியவான். 1846-ல் ஜார்ஜியா நீதிமன்றமும் 1850-ல் லூசியானா நீதிமன்றமும் அந்தப் போக்கில்தான் தீர்ப்பு எழுதின: மறைப்பதைத் தடை செய்யலாம், வெளிப்படையாக வைத்திருப்பதை விட்டுவிட வேண்டும். டெக்சாஸ் எதிர்த்திசையில் நடந்தது. கைத்துப்பாக்கியோடு வெளியே நடமாட 1871-லேயே தடை வந்தது. 1991-ல் கில்லீன் ஊர் உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தாய் தந்தை இருவரையும் இழந்த சுசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவந்ததை ஊர் ஊராகச் சொன்னார். 1995-ல் மறைத்து வைக்க லைசென்ஸ் தரும் சட்டம் வந்தது. வெளியே மாட்ட 2016 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் லைசென்ஸே வேண்டாம் என்றாகிவிட்டது.

வெளியே தெரியும் துப்பாக்கி எதிரே நிற்பவரிடம் எதையோ சொல்கிறது. என்ன சொல்கிறது என்பது, மாட்டியிருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. 1967 மே மாதம், கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். குண்டு போட்ட ஆயுதத்தோடு பொது இடத்தில் திரியத் தடை விதிக்கும் மசோதாவை எதிர்க்கத்தான் போனார்கள். அந்த மசோதா அதே ஆண்டு சட்டமானது. கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். 2016 ஜூலையில் டல்லாஸ் ஊர்வலத்தில் 5 போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சட்டப்படி ரைபிளைத் தோளில் மாட்டி வந்திருந்த ஒரு கறுப்பினத்தவரின் படத்தைச் சந்தேக நபர் என்று காவல்துறையே வெளியிட்டது. அவருக்கும் அந்தக் கொலைகளுக்கும் சம்பந்தமே இல்லை.

தற்காப்புக்காகப் பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று 2022-ல் புரூயன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது. ஆனால் மறைத்தா, தெரியும்படியா என்ற வழக்கு அதோடு ஓயவில்லை. ஃபுளோரிடாவில் 1987 முதல் இருந்த ஓபன் கேரி தடையை 2025 செப்டம்பரில் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று செல்லாது என்றது.

ஓபன் கேரிக்கு எதிராக நான் சொல்லும் காரணம் பயம் இல்லை, குழப்பம். 2015 அக்டோபர் 31 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒருவன் ரைபிளோடு நிற்பதைப் பார்த்த பெண் அவசர எண்ணுக்குப் போன் செய்தார். இந்த மாநிலத்தில் வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று அவருக்குப் பதில் வந்தது. சட்டப்படி அந்தப் பதிலில் தவறு இல்லை. சற்று நேரத்தில் அதே பெண் மறுபடி போன் செய்தார். அன்று அவன் கையால் 3 பேர் இறந்தார்கள்.