தேய்ந்து கிழிந்த முழங்கால் ஜவ்வு: துளை அறுவையா, பயிற்சியா?

ஐம்பத்து மூன்றாவது வயதில், எந்த அடியும் படாமலேயே, என் வலது முழங்காலின் உட்புறத்தில் வலி தொடங்கியது. படி இறங்கும்போது சுருக்கென்று குத்தியது. நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்தடி நொண்டத்தான் வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தபோது உட்பக்க மெனிஸ்கஸ் கிழிந்திருப்பதாக அறிக்கை வந்தது. தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவில் திண்டு போல அமைந்திருக்கும் குருத்தெலும்புக்குத்தான் அந்தப் பெயர். பேச்சு வழக்கில் அதுவும் ஜவ்வு, எலும்புகளைப் பிணைக்கும் நாரும் ஜவ்வு. ஆகவே 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று கேட்ட உறவினர்கள், விளையாட்டு வீரர்களுக்கு நேரும் பெரிய காயம் என்று எண்ணிப் பதறினார்கள்.

என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆர்த்ரோஸ்கோப்பி எனப்படும் துளை அறுவை: முழங்காலில் இரண்டு சிறு துளைகள் இட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றொன்றில் கருவியையும் செலுத்தி, கிழிந்த பகுதியை நறுக்கி எடுத்துவிடுவது. மற்றொன்று, பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையில் சில மாதங்கள் பயிற்சி செய்து தொடைத் தசையை வலுப்படுத்துவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இதை எழுதும்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

எளிதில் விளங்கும் வேறுபாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். அறுவைக்குச் செலவு அதிகம், மயக்க மருந்து வேண்டும், அரிதாகக் கிருமித் தொற்றும் காலில் இரத்தம் உறைவதும் நேரலாம். ஆனால் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். பயிற்சிக்குச் செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். இவ்வளவோடு நிறுத்தினால், கையில் பணமும் காப்பீடும் உள்ளவர் அறுவையைத் தேர்வதே இயல்பு.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு. 2013இல் வெளியான அந்த ஆய்வில், 35 முதல் 65 வயதுக்குட்பட்ட 146 பேருக்கு முதலில் கேமரா செலுத்தி மூட்டின் உட்புறத்தைப் பார்த்தார்கள். அதன் பிறகு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் முடிவு செய்து மூடி வைத்திருந்த உறையைப் பிரித்து, அதில் குறித்திருந்தபடி 70 பேருக்கு மெய்யாகவே ஜவ்வின் கிழிந்த பகுதியை நறுக்கி எடுத்தார்கள். மற்ற 76 பேருக்கு எடுப்பது போல நடித்தார்கள். நடிப்பு என்றால் அரைகுறை நடிப்பு அல்ல. மருத்துவர் வழக்கமான கருவிகள் அனைத்தையும் கேட்டு வாங்கினார். காலை வளைத்து அசைத்தார். கத்தியில்லாத கருவியை முட்டிச் சில்லின் மேல் வைத்து அழுத்தினார். மெய்யான அறுவைக்கு ஆகும் நேரம் வரை நோயாளியை அறுவை அரங்கிலேயே வைத்திருந்தார். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இரு சாராருக்கும் வலி குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு. மறுபடியும் இதே சிகிச்சைக்குத் தயாரா என்று கேட்டதற்கு, மெய்யான அறுவை பெற்றவர்களில் 93 விழுக்காட்டினரும் பொய்யான அறுவை பெற்றவர்களில் 96 விழுக்காட்டினரும் ஆம் என்றார்கள். அறுவை செய்துகொண்ட என் நண்பர் 'எனக்குச் சரியாகிவிட்டதே' என்று சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அவரைச் சரியாக்கியது எது என்பதில்தான் எனக்குக் கேள்வி.

அந்த ஸ்கேன் அறிக்கைக்கும் இனி எவ்வளவு மதிப்புக் கொடுப்பது? அமெரிக்காவின் ஃப்ரேமிங்கம் நகரில் 50 முதல் 90 வயதுக்குட்பட்ட 991 பேரின் முழங்கால்களை, வலி உண்டா இல்லையா என்று பாராமல், எம்.ஆர்.ஐ. எடுத்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இருக்கவில்லை. வயதானால் தலை நரைப்பது போல ஜவ்வும் நைந்து கிழிகிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. என் வலிக்கு அந்தக் கிழிசல்தான் காரணமா, அருகிலிருந்த தேய்மானம் காரணமா, சூம்பிப்போயிருந்த தொடைத் தசை காரணமா என்பதைப் படம் சொல்லவில்லை.

இதெல்லாம் சேர்ந்தும், இரண்டும் சமம் என்ற இடத்துக்குத்தான் என்னைக் கொண்டுவந்தன. தராசைச் சாய்த்தது வேறொன்று: எந்த வழியில் போனால் திரும்பி வர முடியும் என்பது.

2013இலேயே வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஜவ்வுக் கிழிசலோடு மூட்டுத் தேய்மானமும் உள்ள, 45 வயதுக்கு மேற்பட்ட 351 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறுவையும் அதன்பின் பிசியோதெரபியும். மற்றதற்குப் பிசியோதெரபி மட்டும். ஆறு மாதத்தில் இரு பிரிவினரின் நடமாட்டத்திலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பயிற்சிப் பிரிவில் இருந்தவர்களில் 30 விழுக்காட்டினர் அந்த ஆறு மாதத்துக்குள் அறுவைக்கு மாறிவிட்டார்கள். அறுவையை ஆதரிப்பவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் நீட்டுவார்கள்: பார், மூவரில் ஒருவருக்குப் பயிற்சி போதவில்லை. நியாயமான வாதம்தான். அதே ஆய்வில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அப்படி மாறியவர்கள், ஓராண்டு முடிவில், தொடக்கத்திலேயே அறுவை செய்துகொண்டவர்களைப் போலவே தேறியிருந்தார்கள். அதாவது, முதலில் பயிற்சியை முயன்றதால் அவர்கள் இழந்தது சில மாதங்களின் வலி மட்டுமே. மூவரில் இருவரோ அறுவை அரங்கை எட்டிப் பார்க்காமலேயே அதே இடத்தை அடைந்தார்கள்.

எதிர்த்திசையில் இப்படி ஒரு பாதை இல்லை. ஜவ்வின் வெளி ஓரத்தில்தான் இரத்த ஓட்டம் உண்டு. உள்பகுதியில் இல்லாததால், நறுக்கி எடுத்த இடம் பழையபடி வளர்வதில்லை. திண்டு சிறுத்தால் உடல் எடை குறைந்த பரப்பில் விழுந்து குருத்தெலும்பை அழுத்துகிறது. ஜவ்வை முழுதாக எடுத்துவிட்ட முழங்கால்களில் ஏற்படும் மாற்றங்களை ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1948இலேயே எக்ஸ்-ரே படங்களில் கண்டு எழுதினார். இன்று சிறு பகுதியை மட்டுமே எடுக்கிறார்கள் என்பது உண்மை. இருந்தும் பின்லாந்து நோயாளிகளை ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, எக்ஸ்-ரேயில் தேய்மானம் கூடியிருந்தவர்கள் மெய்யான அறுவைப் பிரிவில் 72 விழுக்காடு, பொய்யான அறுவைப் பிரிவில் 60 விழுக்காடு. இவ்வளவு சிறிய ஆய்வில் இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். அதனால் இதை மட்டும் வைத்து அறுவை கெடுதல் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் பயன் சமமாக இருக்கும்போது, திரும்பப் பெற முடியாத ஒன்றை முதலில் கொடுப்பானேன்?

பயிற்சியின் பலவீனம் அதன் பராமரிப்பில் இருக்கிறது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை நீட்டியபடி தூக்கி நிறுத்துவது, தாழ்ந்த படியில் ஏறி இறங்குவது, பிறகு நிலைச் சைக்கிள் என்று படிப்படியாகக் கூட்டினார்கள். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆறாவது வாரத்தில் கைப்பிடியைப் பற்றாமல் படி இறங்கினேன். கடந்த ஆண்டு ஒரு கல்யாண அலைச்சலில் ஐந்து வாரம் பயிற்சியை விட்டபோது வலி எட்டிப் பார்த்தது. தனக்குத் தானே இதைச் செய்துகொள்ள மாட்டோம் என்று தெரிந்தவர் இந்த வழியை நம்பி இறங்குவதில் பயனில்லை. ஆனால் அறுவைக்குப் பின்னும் தொடைத் தசைக்குப் பயிற்சி வேண்டும் என்பதால், அந்தப் பக்கம் போனாலும் இந்தத் தொல்லையிலிருந்து முழு விடுதலை கிடைக்காது.

சில இடங்களில் என் சொல்லுக்கு எடை இல்லை. முழங்கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனவர்களையும், விளையாட்டில் திடீரென்று திருகி ஜவ்வு கிழிந்த இளைஞர்களையும் மேற்சொன்ன ஆய்வுகள் பேசவில்லை. அவர்களுக்குத் தையல் போட்டுக் காப்பாற்றக்கூடிய ஜவ்வாக இருக்கலாம், தாமதம் கூடாது. இன்னொன்றும் உண்டு. அமெரிக்க ஆய்வில் நடமாட்டத்தை அளந்த கேள்விப் பட்டியல் காரில் ஏறி இறங்குவதையும், குளியல் தொட்டியில் இறங்குவதையும், காலுறை அணிவதையும் கேட்கிறது. தரையில் சம்மணமிடுவதையும் குத்தவைப்பதையும் கேட்பதில்லை. என்னால் இன்று நாலு கிலோமீட்டர் நடக்க முடிகிறது, பேருந்தில் தாவி ஏற முடிகிறது. தரையில் பந்தி போட்டால் மட்டும் இன்னும் சுவரோரமாக ஓர் இடம் பார்த்து, எழும்போது கையூன்றத் தோதாக உட்காருகிறேன்.