40 ரூபாய்க்கு 50 நாள்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரர்கள் வாங்கும் கொஞ்சம் ஐஸுக்கு என்ன பெரிய கணக்கு இருக்கிறது? ஆக, வருஷத்தில் எனக்கு உட்கார்ந்து வாசிக்க நேரம் கிடைப்பது பாஸ்கா காலத்தில்தான். உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) தொடங்கித் தூய ஆவியார் பெருவிழா (பெந்தக்கோஸ்து) வரை உள்ள காலம் அது; 2025இல் முதலாவது ஏப்ரல் 20, இரண்டாவது ஜூன் 8. அந்த 50 நாளும் தடைக்காலத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன.

குருத்து ஞாயிறு அன்று கோயில் வாசலில் மேசை போட்டு விற்ற அன்றாட வாசகச் சிந்தனைப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். திருப்பலியில் (பூசையில்) அன்றன்று வாசிக்கும் விவிலியப் பகுதிகளுக்குச் சின்னதாக விளக்கம் எழுதிய புத்தகம். விலை 40 ரூபாய். பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன். போட்டவர்கள் முகத்தில் ஞாயிறுதோறும் முழிக்க வேண்டும்.

பாதி நோட்டு அளவு, நடுவில் இரண்டு பின். பக்கத்துக்கு ஒரு நாள். மேலே தேதி, அன்றைய முதல் வாசகத்துக்கும் பதிலுரைப் பாடலுக்கும் அதிகாரமும் வசன எண்ணும் மட்டும், அப்புறம் நற்செய்தி முழுதாக, அதன்கீழ் பதினைந்து வரிச் சிந்தனை, கடைசியில் ஒருவரிச் செபம். அடியில் மூன்று கோடு போட்டு 'என் குறிப்பு' என்று இடம் விட்டிருக்கிறார்கள். தாள் நல்ல தாள். எழுத்துதான் எறும்பு ஊர்வது மாதிரி. அம்மாவுக்கு 81 வயது, இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, அப்படியும் ஒரு வரி தெரியவில்லை. அதனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் சத்தமாக வாசிப்பது, அவள் கேட்பது என்று ஏற்பாடு. இந்த மதிப்புரையில் பாதி அவளுடையது.

முதல் குறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பாஸ்கா காலத்தில், ஒன்றிரண்டு விழா நாள்களைத் தவிர, திருப்பலியின் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வருவதில்லை. மற்ற நாளெல்லாம் திருத்தூதர் பணிகள் நூல்தான், இயேசுவுக்குப் பிறகு அவருடைய சீடர்கள் செய்ததைச் சொல்வது. ஒரு தொடர்கதை போல அது நகரும். அலங்கார வாயிலில் கால் ஊனமுற்றவர் துள்ளி எழுகிறார், யூதர்களின் தலைமைச் சங்கம் திருத்தூதர்களைப் பிடித்து அடைக்கிறது, கமாலியேல் எழுந்து நிதானமாகப் பேசுகிறார், ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகிறார், பின்னால் பவுல் என்று அறியப்பட்ட சவுல் தமஸ்கு போகும் வழியில் கீழே விழுகிறார், பிலிப்பி நகரில் சிறைக்காவலர் நடுராத்திரியில் பவுலின் காயங்களைக் கழுவுகிறார். இவ்வளவு சுவாரசியமான கதையை ஒரு வரி எண்ணாகச் சுருக்கிவிட்டார்கள். பதினைந்து வரிச் சிந்தனையும் பெரும்பாலும் நற்செய்தியோடு நின்றுவிடுகிறது. நான் ஒவ்வொரு நாளும் தனியாக விவிலியத்தை எடுத்து வந்து முதல் வாசகத்தை வாசித்தேன். 40 ரூபாய் புத்தகத்துக்குத் துணையாக ஒன்றரை கிலோ புத்தகம் ஒன்றும் தேவைப்படுகிறது என்பதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி வாசிக்கும்போது அம்மா அடிக்கடி நிறுத்துவாள்.

"எய்யா, ஸ்தேவான்னா யாரு?"

"முடியப்பர்மா."

"அப்பிடிச் சொல்லேன்."

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் பெயர்கள் எல்லாம் மாறின. அவள் வளர்ந்தது இராயப்பர், சின்னப்பர், அருளப்பரோடு. பேதுரு, பவுல், யோவான் என்றால் அவளுக்கு வேற்றூர் ஆட்கள். புத்தகத்தில் இப்படிப்பட்ட பழைய பெயரை ஓரிடத்திலாவது அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் வயதானவர்களுக்கு உதவியிருக்கும். வாங்கியவர்களில் பாதிப் பேர் அவள் வயதுக்காரர்கள்தான், மேசையில் நின்று பார்த்தேன்.

சரி, மீனுக்கு வருகிறேன். எண்கிழமை (உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாள்) வெள்ளி, ஏப்ரல் 25, யோவான் 21: திபேரியக் கடல், ராத்திரி முழுக்க ஒன்றும் படவில்லை, விடியலில் கரையில் ஒருவர் நின்று வலப்பக்கம் வலை போடச் சொல்கிறார், 153 பெரிய மீன். புத்தகத்தில் அன்றைய சிந்தனை முழுக்க அந்த எண்ணைப் பற்றியது. 1 முதல் 17 வரை கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தினார் சொன்னதை எடுத்துப் போட்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை என்பதால் நானும் கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எண்ணாம எப்பிடிப் பங்கு வைப்பாவ?" என்றாள்.

அதோடு முடிந்தது அகுஸ்தினார் கணக்கு. பெரிய மீன் பட்டால் கரையில் இறக்கி எண்ணுவார்கள், எண்ணித்தான் ஏலம், ஏலத்துக்கப்புறம்தான் பங்கு. சாகடிக்கப்பட்ட இயேசுவே உயிரோடு வந்து கரையில் நிற்கும்போதும் ஏழு பேரும் உட்கார்ந்து மீனை எண்ணியிருக்கிறார்கள் என்றால் அவர்கள் உண்மையான கடல்காரர்கள்தான். இதை எழுத பெரிய இறையியல் வேண்டாம், ஒருநாள் காலையில் துறைமுகத்துக்கு வந்து நின்றிருந்தால் போதும்.

ஆனால் அதே புத்தகம் ஒன்பது நாள் கழித்து என் வாயை அடைத்துவிட்டது. ஞாயிறு வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுற்றில் 2025 மூன்றாம் ஆண்டு. அந்த ஆண்டில் பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறுக்கும் இதே யோவான் 21தான், 'என்மீது அன்பு உண்டா' என்று இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் பகுதியையும் சேர்த்து. மே 4. இந்த முறை எழுதியவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். எண்ணைத் தொடவில்லை. கரையில் எரிந்த கரி நெருப்பைப் பிடித்துக்கொண்டார். யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு இரண்டு இடத்தில்தான் வருகிறது. தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டே பேதுரு "நான் இல்லை" என்று சொன்ன இடம் ஒன்று, மீன் சுட்டு வைத்திருந்த இந்தக் கரை இன்னொன்று. மூன்று முறை மறுத்தவரை அதே கரி வாசனைக்கு முன்னால் உட்காரவைத்து, முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டு, பிறகு மூன்று முறை கேட்கிறார். அவ்வளவுதான் எழுதியிருந்தது. 'ஆகவே நாமும்' என்று ஒரு வரி இல்லை. நான் வாசித்து முடித்ததும் அம்மா எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் அப்படிப் போனால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நடுவில் ஒரு கைபேசிச் செயலியையும் பரீட்சை பண்ணினேன். இலவசம், எழுத்தைப் பெரிதாக்கலாம், முதல் வாசகமும் முழுதாக இருக்கிறது. புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஏப்ரல் 25 அன்று அது புனித மாற்கு விழா வாசகங்களைக் காட்டியது. வழக்கமாக அந்தத் தேதி மாற்குவுக்குத்தான். ஆனால் எண்கிழமையின் எட்டு நாளும் ஆண்டவருடைய பெருவிழா போல, புனிதர்கள் விழா எதுவும் உள்ளே நுழைய முடியாது. காலைப் பூசையில் ஃபாதர் 153 மீனை வாசிக்கிறார், என் கையில் மாற்கு 16 இருக்கிறது. தேதியை மட்டும் பார்த்து வாசகத்தை எடுத்துப் போடும் மென்பொருள் செய்கிற வேலை இது. புத்தகம் அதைச் சரியாகப் போட்டிருந்தது. யாரோ ஒருவர் திருவழிபாட்டு நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து தொகுத்திருக்கிறார், அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு.

வாட்ஸ்அப்பில் தினமும் வரும் குரல் சிந்தனையும் ஒன்று கேட்டோம். ஏழு நிமிடம், அதில் ஒன்றரை நிமிடம் கீபோர்டு. குரல் நன்றாக இருக்கும். எந்த வாசகமாக இருந்தாலும் நாலாவது நிமிடத்தில் பிள்ளைகள் கைபேசி பார்ப்பதில் வந்து நிற்கும், அதையும் கைபேசியில்தான் கேட்கிறோம். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

அந்த ஆண்டு பாஸ்கா காலத்தைப் புத்தகத்தால் அளக்க முடியாத நாட்களும் இருந்தன. உயிர்ப்பு ஞாயிறு அன்று உரோமையில் மாடத்தில் வந்து ஆசி கொடுத்த திருத்தந்தை பிரான்சிஸ் மறுநாள் திங்கள்கிழமை இறந்தார். நமக்கு மதியத்துக்கு மேல் சேதி வந்தது. அன்று ராத்திரி பக்கத்தைத் திறந்தால் மத்தேயு 28: பெண்கள் கல்லறையிலிருந்து அச்சத்தோடும் பெருமகிழ்ச்சியோடும் ஓடுகிறார்கள், மறுபக்கம் காவலர்களுக்குப் பணம் கொடுத்து வாயை அடைக்கிறார்கள். சிந்தனை கையூட்டு பற்றியது. அன்றைக்கு அதை வாசிக்க மனசு வரவில்லை. செவ்வாய் அன்று மகதலா மரியா கல்லறைக்கு வெளியே நின்று அழுகிறார், ஏன் அழுகிறாய் என்று கேட்கிறார்கள். ஒரு மாதம் முன்னால் அச்சடித்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தப் பக்கத்தில் நற்செய்தியை மட்டும் இரண்டு தரம் வாசித்துவிட்டு, மூவேளை செபத்துக்குப் பதில் இந்தக் காலத்தில் சொல்லும் விண்ணக அரசியே செபத்தைச் சொல்லிப் படுத்தோம்.

மே 5 முதல் 10 வரை இந்தப் புத்தகத்தின் மோசமான வாரம். மூன்றாம் வாரம் திங்கள் தொடங்கிச் சனி வரை நற்செய்தி யோவான் 6ஆம் அதிகாரத்திலேயே நிற்கும், வானிலிருந்து இறங்கி வந்த உணவு. கடினமான அதிகாரம்தான், கேட்டுக்கொண்டிருந்த சீடர்களே இந்தப் பேச்சைத் தாங்க முடியாது என்று விலகிப்போகிறார்கள். புத்தகம் அந்தக் கடினத்தைத் தொடாமல் நாள்தோறும் நற்கருணை வாங்குங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. நாலாம் நாள் அம்மா, "நேத்து வச்ச கொழம்ப சூடு பண்ணிக் குடுக்காவ" என்றாள்.

அந்த நாலாம் நாள் வியாழன், மே 8. முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் 8. எத்தியோப்பிய அரசியின் நிதிக்கெல்லாம் பொறுப்பாளர் ஒருவர், அதாவது நம் தொழில், தேரில் உட்கார்ந்து எசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். நற்செய்தி அறிவிக்கும் பிலிப்பு ஓடி வந்து, வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். யாராவது விளக்கிச் சொல்லாவிட்டால் எனக்கு எப்படிப் புரியும் என்கிறார் அவர். ஏறி உட்காரச் சொல்கிறார். பேசிக்கொண்டே போகிறார்கள், வழியில் தண்ணீர் வருகிறது, திருமுழுக்கு நடக்கிறது, பிலிப்பு காணாமல் போய்விடுகிறார். அதிகாரி மகிழ்ச்சியோடு தன் வழியே போகிறார். அன்றாடச் சிந்தனை எழுதுகிற யாரும் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய வாசகம் இது: ஏறு, கொஞ்ச தூரம் கூட வா, இறங்கிக்கொள். புத்தகம் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் 'என் குறிப்பு' மூன்று வரியையும் அன்றுதான் முதன்முதலாக நிரப்பினேன். ராத்திரி பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் தொலைக்காட்சியில் புதிய திருத்தந்தை பதினான்காம் லியோவின் பெயரை அறிவித்தார்கள், அதையும் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

பிறகு சனிக்கிழமை, எனக்கு இன்னும் காரணம் தெரியவில்லை, சிந்தனை எழுதியவர் நற்செய்தியை விட்டுவிட்டு முதல் வாசகத்தைத் தொட்டிருந்தார். யோப்பா ஊரில் தபித்தா இறந்து கிடக்கிறார். பேதுரு வந்து சேர்ந்ததும் கைம்பெண்கள் சூழ்ந்துகொண்டு, அவர் தங்களோடு இருந்தபோது தைத்துக் கொடுத்த உடைகளை எடுத்துக் காட்டி அழுகிறார்கள். 'அவர்கள் தபித்தாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, துணியைக் காட்டினார்கள்' என்று ஒரு வரி. புத்தகத்திலேயே ஆகச் சிறந்த வரி என்பேன். அம்மா மணப்பாட்டில் பிறந்தவள், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பனையோலைப் பெட்டி முடைந்து சம்பாதித்தவள். அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். "எனக்குப் பெட்டியக் காட்டுவாளுவ. எத்தன பேர் வீட்ல இன்னும் கெடக்கோ" என்றாள். மறுநாள் ஒரு தங்கச்சி வீட்டுக்கு போன் போட்டு, கல்யாணத்துக்குக் கொடுத்த வெற்றிலைப் பெட்டி இருக்கிறதா என்று விசாரித்தாள். இருக்கிறதாம், தீப்பெட்டி போட்டு வைத்திருக்கிறார்களாம்.

வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் மேசையில் இருப்பவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்: பாஸ்கா காலத்தில் வார நாள் வாசகங்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுவதில்லை. பாஸ்கா காலம், தவக்காலம் போன்றவை போக மீதி நாட்களான பொதுக்காலத்தில்தான் முதல் வாசகம் ஒற்றைப்படை ஆண்டு, இரட்டைப்படை ஆண்டு என்று மாறும். ஞாயிறு வாசகங்கள் மட்டும் மூன்று ஆண்டுச் சுற்று, 2026க்கு முதலாம் ஆண்டு. ஆகவே ஓர் ஆண்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த ஆண்டும் ஓடும். தேதியை அடித்துவிட்டு எத்தனையாம் வாரம், என்ன கிழமை என்று பார்த்துத் திறக்க வேண்டும், மே 3, மே 14 போன்று திருத்தூதர் விழா வரும் நாள்களில் கவனமாக இருக்க வேண்டும்.

பெந்தக்கோஸ்துக்கு முந்தின நாள் கடைசி வார நாள் பக்கம். பவுல் உரோமை போய்ச் சேர்ந்து, வாடகைக்கு எடுத்த வீட்டில் இரண்டு ஆண்டு தங்கி வருகிறவர்களையெல்லாம் வரவேற்கிறார். நூல் அப்படியே நின்றுவிடுகிறது, அவருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல். சின்னப்பருக்கு வாடகை யார் கட்டியது என்று அம்மா கேட்டாள். அவர் சொந்தச் செலவில் என்று போட்டிருக்கிறது என்றேன். கூடாரம் தைத்தவர்தானே, கட்டியிருப்பார் என்றாள்.

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கின. ஐஸ் உடைக்கும் மிஷின் சத்தத்தில் அன்று முதல் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. புத்தகம் மேசை இழுப்பறையில் டீசல் பில்லுக்கு அடியில் இருக்கிறது. 2026இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. ஞாயிறு பக்கங்களை மட்டும் தனியாகத் தருவார்களா என்று மேசைக்காரரிடம் கேட்க வேண்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லி அம்மாவும் சொல்லிவிட்டிருக்கிறாள்.