படத்தில் இருக்கும் எழுத்துரு எது? மூன்று கருவிகள், என் ஓட்டு ஒன்றுக்கு

பழைய சுவரொட்டி ஒன்றில் அதே எழுத்துருவில் இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. மூலக் கோப்பு யாரிடமும் இல்லை. கையில் இருந்தது சாய்வாக எடுத்த ஒரு போட்டோ மட்டும். வாட் த ஃபான்ட், ஃபோட்டோஷாப்பில் இருக்கும் மேட்ச் ஃபான்ட், வாட் ஃபான்ட் இஸ் என்று மூன்றிலும் போட்டுப் பார்த்தேன்.

படத்தை ஏற்றுவதும், எழுத்தைச் சுற்றிக் கட்டம் போடுவதும், பட்டியல் வருவதும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சாய்வை நேராக்கி, எழுத்து கறுப்பு, பின்னணி வெள்ளை என்று மாற்றிக் கொடுத்தால் எதுவுமே நன்றாக வேலை செய்யும்.

கருவி எந்தக் குவியலுக்குள் தேடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வாட் த ஃபான்ட், மைஃபான்ட்ஸ் என்ற விற்பனைத் தளத்தின் கருவி. நீங்கள் தேடும் எழுத்துரு அவர்கள் சரக்கில் இல்லையென்றால் அதன் சாயலில் உள்ள வேறொன்று வரும். மேட்ச் ஃபான்ட் உங்கள் கணினியில் இருப்பதையும், அடோபி நிறுவனத்தின் எழுத்துருத் தொகுப்பான அடோபி ஃபான்ட்ஸில் இருப்பதையும் பார்க்கும். நாமே எப்போதோ செய்த வேலை என்றால் அதைத்தான் முதலில் திறப்பேன். வாட் ஃபான்ட் இஸ், இலவச எழுத்துரு, விலைக்கு விற்பது இரண்டையும் கலந்து தேடுகிறது, இலவசம் மட்டும் போதும் என்றும் கேட்கலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. படத்தைத் தனித்தனி எழுத்தாக வெட்டி, ஒவ்வொன்றும் என்ன எழுத்து என்று நம்மையே அடிக்கச் சொல்லும். சலிப்பான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒட்டிக்கொண்ட இரண்டு எழுத்துகளை ஒன்றாக எண்ணியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தச் சலிப்பை மிச்சப்படுத்தப் போய்த்தான் ஒருமுறை ஏமாறப் பார்த்தேன். பட்டியலில் முதலில் கோதம் வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய எழுத்துரு. வாங்கும் பொத்தான் வரை போனபிறகு, படத்தில் இருந்த ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஜே’யைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையில் இடப்பக்கமாக ஒரு சின்னக் கோடு நீட்டிக்கொண்டிருந்தது. கோதத்தின் ‘ஜே’யில் அது கிடையாது. மோன்ட்சராட்டில் உண்டு! புவெனஸ் ஐரிஸின் பழைய பெயர்ப்பலகைகளைப் பார்த்து ஜூலியட்டா உலானோவ்ஸ்கி வரைந்த அது, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. அதனால் ‘ஓ’, ‘ஐ’ போன்ற மொட்டை எழுத்துகளை விட்டுவிட்டு ‘ஜே’, ‘க்யூ’, ‘ஆர்’, ‘ஜி’ இருக்கும் சொல்லாகப் பார்த்து வெட்டிக் கொடுங்கள்.

இவை எல்லாமே ஆங்கில வரிகளில் பார்த்தது. தமிழ் எழுத்துருவை இரண்டு மூன்று தடவைதான் தேடியிருக்கிறேன், அதுவும் கண்ணை நம்பியே: கணினியில் உள்ள எழுத்துருக்களில் அதே வரியை அடித்து, ‘ஞ’, ‘ஜ’, ‘ஷ’ மூன்றின் வளைவையும் ஒப்பிட்டேன். எழுத்துருக்கள் நிறைய இருந்தால் இது எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்லமாட்டேன்.

எந்தக் கருவி சொன்னாலும், அதே வரியை அடித்துப் படத்தின் மேல் பாதி மங்கலாக வைத்துப் பாருங்கள். எழுத்துரு வேறு என்றால் பெரும்பாலும் வரியின் கடைசியில் நீளம் தப்பிவிடும். ஹெல்வெட்டிகா, ஏரியல் போன்ற ஜோடிகள் இதில் சிக்காது. ஏரியலின் அகலங்களை ஹெல்வெட்டிகாவுக்குப் பொருந்தும்படியே அமைத்திருக்கிறார்கள். அங்கே பெரிய ‘ஆர்’ எழுத்தின் காலைப் பாருங்கள். வளைந்து செங்குத்தாக இறங்கினால் ஹெல்வெட்டிகா, சரிவாக நீண்டால் ஏரியல்.