மஞ்சள் பூ பூத்தால் கரிசலாங்கண்ணி ஆகிவிடாது

அப்பாவுக்குக் கீரை என்றால் மஞ்சள் கரிசலாங்கண்ணிதான். வள்ளலார் பாதையில் வந்தவர், கரிசாலை என்று அதன் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். சந்தையில் வெள்ளைப் பூ வகை எப்போதாவது கிடைக்கும், மஞ்சள் கிடைப்பதில்லை. அதனால் சென்ற ஆடியில் கும்பகோணம் பக்கம் ஒரு நர்சரியில் கேட்டேன். "மூலிகை வரிசையில பாருங்க சார்" என்றார்கள். பெயர் எழுதிய அட்டைகூடச் செருகியிருந்தது. பை 40 ரூபாய், எட்டுப் பை வாங்கினேன்.

கொய்யா மரத்தடியில் வைத்தேன். என்ன வளர்ச்சி! ஒரே மாதத்தில் தரையே தெரியவில்லை. மஞ்சள் பூ வேறு. என் கைராசி என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். இரண்டு முறை இலையைப் பறித்து அரைத்துத் தோசையும் வார்த்தாயிற்று. அப்பா மட்டும் "இது கரிசாலை வாசனையா?" என்று முகத்தைச் சுளித்தார். வயசாயிற்று, நாக்கு மரத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஐப்பசியில் ஊரிலிருந்து வந்த அத்தை கொல்லைப்பக்கம் போன வேகத்தில் திரும்பி வந்தார். "ஏண்டா, ரோட்டு நடுவுல அழகுக்கு வைக்கிறதைக் கொண்டாந்து வச்சிருக்கே?"

அது வெடேலியா. சிங்கப்பூர் டெய்சி என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா. மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் வெளியிட்ட பட்டியலில் இதுவும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதை விற்கவே கூடாது. நான் காசு கொடுத்து வாங்கித் தோசையில் போட்டிருக்கிறேன். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நர்சரிக்குப் போய்க் கேட்டேன். "மஞ்சளாப் பூக்குதுல்ல சார்? அப்ப அதுதான்." அதற்கு மேல் பேச்சில்லை. 320 ரூபாய் போனது பெரிதல்ல. அழகுச்செடி என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. உண்ணும் கீரையின் பெயரை ஒட்டியதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வாங்கப் போகிறவர்கள் பூவைப் பார்க்காதீர்கள், இரண்டும் மஞ்சள்தான். படர்வதையும் பார்க்காதீர்கள், இரண்டுமே கணுவுக்குக் கணு வேர்விட்டுத்தான் படரும். இலையைப் பாருங்கள். வெடேலியா இலை பளபளவென்று தடித்திருக்கும், இரு பக்கமும் சிறு மடல் பிதுங்கி மூன்றாகப் பிரிந்தாற்போலத் தெரியும். ட்ரைலோபாட்டா என்றால் மும்மடல்தானே! எல்லா இலையிலும் அது தெளிவாக இருக்காது, நாலைந்தைப் புரட்டிப் பாருங்கள். கரிசாலை இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் கிடையாது, தடவினால் சொரசொரக்கும்.

பிடுங்குவது இருக்கிறதே, அது தனிப் பாடு. மண்வெட்டியால் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. மழை ஈரத்தில் கையால் கணுக்கணுவாக இழுத்து, சிமெண்ட் தரையில் பரப்பி, சருகாக நொறுங்கும்வரை காயப்போட வேண்டும். வாய்க்காலில் மட்டும் தள்ளிவிடாதீர்கள். தண்ணீரோடு போய் அடுத்தவர் வரப்பில் வேர் பிடிக்கும்.

அப்புறம் அத்தையே ஊர் வரப்பிலிருந்து ஒரு பிடி மஞ்சள் கரிசாலைத் தண்டை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அரை நிழல், காயாத மண், தொட்டியில் வைத்திருக்கிறேன். நிதானமாகத்தான் தழைக்கிறது. கொய்யாவடியில் இன்னும் வாரம் நாலு வெடேலியா தலைகாட்டுகிறது. மதிலுக்கு அந்தப்பக்கமும் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்கா, "பூ அழகா இருக்கே, இருக்கட்டும் தம்பி" என்கிறார்.